நாற்காலிகளைக் கவிழ்த்தது கலவரம் அல்ல

என் கூடப் பிறந்த தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ முதல் வரியோடு மடித்து வைத்துவிடுவாய், ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள். உன் முழங்கால் வலி தேவலையா? உன் வீட்டுக்காரியையும் விசாரித்ததாகச் சொல். நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது நான் லாரியில் ஏற்றி அனுப்பிய நாற்காலியை அவள் குளியலறையில் போட்டு அதன்மேல் வாளி வைத்திருந்தாள். ஒன்பது வருஷம் ஆகிறது, அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசவில்லை. அதேபோல உனக்கு ஏழு வயசு இருக்கும்போது நீ எனக்குச் செய்த காரியத்தையும் இந்தக் கடிதத்தில் எடுக்கப்போவதில்லை. உன்னால் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது, அதனால். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ நிற்காமல் போனவன். எழுத்துப் பிழை இருந்தால் பல்லைக் காட்டாமல் படி.

வேலை இதுதான். எங்கள் ஊரில் கலவரம் நடந்ததாக ஒரு அறிக்கை உங்கள் இலாகாவுக்கு வந்திருக்கிறது. அது உன் மேசையைத் தாண்டித்தான் மேலே போகும், கோப்புப் பிரிவில் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் எண் போடுவது நீதான் என்று உன் மகள் போனில் சொன்னாள். இங்கே கலவரம் நடக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நீ எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இந்த மாசக் கடைசியில் என் மாப்பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். இனி விவரம்.

அன்றைக்கு, அதாவது போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நகராட்சி மண்டபத்தில் வேலை இழந்தவர்களுக்காக நடந்த முகாமில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அறிக்கையில் "சுமார் முந்நூறு பேர்" என்று போட்டிருக்கிறது. சுமாராம். மேடையில் பயிற்சி அதிகாரி, கண்ணாடி போட்டவர், முப்பது வயசு தாண்டியிருக்காது, கண்டதும் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு பேச்சாளர், எங்களுக்குத் தன்னம்பிக்கை கொடுப்பதற்காகத் தலைநகரிலிருந்து வரவழைக்கப்பட்டவர், கன்னத்தில் ஒட்டிய மைக்கும் மூக்கின் இடது பக்கத்தில் ஒரு மறுவும் உள்ளவர். கீழே முதல் வரிசை இடது ஓரத்தில் நான். எனக்கு அடுத்து என் மகள். அவளுக்கு அடுத்து மாப்பிள்ளை, சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு படிவத்தோடு. எனக்கு நேர் பின்னால் சைரன். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான், பேக்கிங் பிரிவு, தொழிற்சாலைச் சங்கு பழுதான நாட்களில் அவள் குரலைக் கேட்டுத்தான் எல்லாரும் சாப்பிடப் போனோம். கதவோரம் ஆமாம்சாமி. அவன் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன், முதலாளி வெயில் என்றால் வியர்ப்பான், மழை என்றால் தும்முவான். மற்றபடி மூடிப்போன எங்கள் நாற்காலித் தொழிற்சாலையின் அச்சுப் பிரிவு, பிசிறு வெட்டுகிற பிரிவு, செக்கிங், பேக்கிங், கிடங்கு எல்லாம் சேர்த்து வேலை இழந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு, என்னைப் போலக் கூட வந்தவர்கள் பதினொன்று. பெயர் வாரியாக, தகப்பன் பெயரோடு, யார் யாரோடு பேசுவதில்லை என்பதோடு வேண்டுமானாலும் எழுதி அனுப்புகிறேன்.

நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலி செய்கிறவர்கள் என்பது உனக்குத் தெரியும், தெரியாது என்று உன் வீட்டுக்காரி வேண்டுமானால் சொல்லட்டும். நாலு மாசத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர்கள் கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று போட்டிருந்தது. காரணம் என்னவென்று போடவில்லை. நம் பக்கத்தில் இந்த வருஷம் மூடியதில் இது ஐந்தாவது. குடைத் தொழிற்சாலை போனது, டயர் போனது, தகர டப்பா போனது, குழாய் போனது, கடைசியில் நாற்காலியும் போனது.

உங்கள் அரசாங்கம் சும்மா இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். முதலில் கணக்கெடுக்க வந்தார்கள். வீடு வீடாக ஒரு காகிதம், அதில் "வேலை இழந்ததால் தங்கள் மனநிலை: மிக நன்று, நன்று, திருப்திகரம்" என்று மூன்று கட்டம், ஒன்றில் குறி போட வேண்டும். சைரன் மூன்றையும் அடித்துவிட்டு ஓரத்தில் தன் மனநிலையை எழுதினாள், காகிதம் பத்தவில்லை. அடுத்து ஒரு உதவி எண் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மெட்டு வாசித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விடாமல் தினமும் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டார், என் பேத்தி அந்த மெட்டுக்கு ஆடக் கற்றுக்கொண்டு பள்ளி ஆண்டு விழாவில் ஆடி மூன்றாம் பரிசும் வாங்கிவிட்டாள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த எண்ணால் கிடைத்த உதவி அதுதான். அதன்பிறகுதான் பயிற்சிப் படிவம். பதினாலு பக்கம். காளான் வளர்ப்பு, மெழுகுவர்த்தி, போன் ரிப்பேர், அழகுக்கலை, இதில் யாருக்கு எது என்று அவர்களே பார்த்துப் பிரித்துப் போடுவார்களாம். மாப்பிள்ளை பதினேழு வருஷம் அச்சு மெஷினில் நின்றவர், முழங்கை வரை தழும்பு. "கைத்திறன்" என்ற இடத்தில் "சூடு தாங்கும்" என்று எழுதினார். அழகுக்கலையில், முடி சுருட்டும் பிரிவில் போட்டுவிட்டார்கள்.

அவர் சட்டைப் பையில் இருந்தது அந்தப் படிவம் இல்லை, வேறு. அது இடமாற்றப் படிவம். எட்டு மணி நேரப் பயணத்தில் ஏதோ ஒரு பெரிய நகரம், அங்கே ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, தங்க ஆண்கள் விடுதி, அறைக்கு ஆறு பேர், குடும்பம் கூடாது. மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அனுப்பிவைப்பார்கள். அதை வாங்கி வந்த அன்றைக்கே அவர் போட்டிருப்பார், என் மகள்தான், "முகாம் முடியட்டும், அதுல ஏதாவது நல்லது சொல்றாங்களான்னு பாப்போம்" என்று தள்ளிப்போட்டாள். அந்த முகாம்தான் புதன்கிழமை முகாம். இப்போது உனக்குப் புரிகிறதா நான் ஏன் முதல் வரிசையில் உட்காரப் போனேன் என்று? என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்றிருந்தால் உன் மகள் கல்யாணத்துக்கே நான் வந்திருக்க முடியாது. பத்திரிகை தபாலில் தாமதமாகிவிட்டது என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன்.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு நாற்காலி அச்சிலிருந்து சூடாக வெளியே வரும், பிசிறு வெட்டுவார்கள், பிறகு அது செக்கிங்குக்கு வரும். செக்கிங் என்றால் கவிழ்ப்பது. கவிழ்த்து, காலை ஒவ்வொன்றாக முழங்காலால் அழுத்தி, அடிப்பக்கத்தை விரல் கணுவால் தட்டி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது. நல்ல நாற்காலி கதவைத் தட்டினால் வருகிற மாதிரி சத்தம் கொடுக்கும், மோசமானது காலி டப்பா மாதிரிப் பேசும். தேறாத நாற்காலியை "ஆகாது" என்று உரக்கச் சொல்லி, எண்ணிக்கை எழுதுகிற ஆளுக்கு மெஷின் சத்தத்தில் கேட்க வேண்டும் அல்லவா, நீலச் சாக்கட்டியால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, கதவோரம் கொண்டுபோய் அடுக்க வேண்டும். அரைத்துத் திரும்ப உருக்குவதற்கு அரவை வண்டிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார். இருபத்து நாலு வருஷம் நான் செய்த வேலை இது. என் மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் அச்சிலிருந்து வந்த பத்தொன்பது நாற்காலிகளுக்கு நான் கோடு போட்டேன். அவர், "அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அப்புறம் என் மகளையே கட்டிக்கொண்டார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், இன்றுவரை அவர் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மகளைக் கேட்பார், நான் மகளிடம் பதில் சொல்வேன், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டு மேசை மட்டும்தான் இருக்கும். அதுவும் ஒரு கால் ஆடுகிற மேசை.

செக்கிங்கில் இருந்தவர்களுக்கு மட்டும் இல்லை, அந்த கேட்டுக்குள் ஒரு வருஷம் வேலை பார்த்த எவருக்கும் கவிழ்த்துப் பார்க்காத நாற்காலியில் உட்கார வராது. கல்யாண வீட்டில் கவிழ்ப்போம், ரயில் நிலையத்தில் கவிழ்ப்போம். பல் டாக்டரிடம் போன அரவை வண்டிக்காரர் அந்தப் பெரிய சாய்வு நாற்காலிக்கு அடியில் குனிந்து தட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறார். இது எங்களுக்குப் பழக்கம். கோபம் இல்லை. இதைத்தான் நீ கோப்பில் எழுத வேண்டும்.

மண்டபத்தில் போட்டிருந்தது வெளியூரிலிருந்து லாரியில் வந்த நாற்காலிகள். வெள்ளை நிறம். காலைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் நோயில் கிடந்து எழுந்தவன் கால் மாதிரி. அதிகாரி மைக்கைத் தட்டி, "எல்லாரும் உட்காருங்க" என்றார். அப்போது முதல் வரிசையில் யாரோ ஒருவர் தம்முடைய நாற்காலியைக் கவிழ்த்தார். யார் என்று எனக்கு நினைவில்லை. சைரன் அன்றைக்கு உடுத்தியிருந்த சேலையின் கரை நிறம் நினைவிருக்கிறது, அதிகாரியின் இடது காலுறையில் இருந்த ஓட்டை நினைவிருக்கிறது, இது மட்டும் நினைவில்லை. எனக்கும் வயசாகிறதில்லையா. ஒருவர் கவிழ்த்ததும் பக்கத்தில் இருப்பவர் கவிழ்த்தார், பின்வரிசை கவிழ்த்தது, ஒரு நிமிஷத்துக்குள் மண்டபம் முழுக்க நாற்காலிக் கால்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அப்புறம் தட்டல். முந்நூற்றுச் சொச்சம் பேர் விரல் கணுவால் தட்டினால் அந்த மண்டபத்துக் கூரைத் தகரம் சும்மா இருக்குமா? மேடையில் இருந்த பூந்தொட்டி தானாக நகர்ந்தது. நாலு மாசத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். உண்மையைச் சொல்கிறேன், எங்கள் ஆட்கள் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது.

பேச்சாளர் பாவம், எது நடந்தாலும் பேச வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர் போலிருக்கிறது, நிறுத்தவில்லை. "புதிய வாழ்க்கைக்கு நீங்கள் தயாரா?" என்று கேட்டார். நாலாவது வரிசையில் ஒருவர், "ஆகாது" என்றார். "அரசாங்கம் நீட்டும் கரத்தைப் பற்றிக்கொள்வீர்களா?" என்றார். "ஆகாது, ஆகாது" என்று வலது பக்கத்திலிருந்து இரண்டு பேர். நாங்கள் சொன்னது நாற்காலியை. சட்டைப் பையிலும் முந்தானை முடிச்சிலும் நீலச் சாக்கட்டி எல்லாரிடமும் இருந்தது, வேலை போய்விட்டது என்பதற்காகச் சாக்கட்டியையுமா தூக்கிப் போடுவார்கள்? கோடு போட்டோம், கதவோரம் கொண்டுபோய் அடுக்கினோம். இருந்த நாற்காலிகளில் இருநூற்றுப் பதினாலு தேறவில்லை. மண்டபத்துக்கு இரண்டு கதவு, பின்கதவுச் சாவி காவலாளியிடம், காவலாளி லீவு. ஆகவே அடுக்கியது முழுக்க வாசல் கதவில். அங்கே நின்ற ஆமாம்சாமி, "கோணலா அடுக்காதீங்கப்பா, இருபது இருபதா அடுக்குங்க, வண்டிக்காரன் எண்ண வேண்டாமா?" என்று கையை நீட்டி வேலை வாங்கினான். இதைக் குறித்துக்கொள். கதவு மறைந்தது, வெளிச்சம் குறைந்தது, அதிகாரியின் முகமும் வெளுத்தது.

அவர் போனை எடுத்துக் கிசுகிசுத்தார், பின்னால் இருந்த நாற்காலியைக் கையால் தடவினார். அதுவும் அதே லாரியில் வந்த வெள்ளை நாற்காலி. பின்பக்க வலது காலில் முடி அளவு கீறல், பத்தடி தள்ளி நின்ற எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

நான் சொன்னேன், "ஐயா, அதுல உட்காராதீங்க."

அவர், "என்ன பாட்டி, என்னை மிரட்டுறீங்களா?" என்றார்.

"மிரட்டல ஐயா, சொல்றேன். உட்கார்ந்தா நல்லா இருக்காது."

பேச்சாளர் அந்த நேரம் பார்த்து, "நண்பர்களே, கீழே விழுவதற்கு ஒருபோதும் அஞ்சாதீர்கள்" என்று கையை விரித்தார், அதிகாரி உட்கார்ந்தார், கால் பிளந்தது. மாப்பிள்ளைதான் ஒரே தாவில் மேடையேறி, தலை தரையில் மோதுவதற்குள் அவரை இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து ஒரு திருகு திருகி வெளியே எடுத்தார், அச்சிலிருந்து சூடான நாற்காலியை எடுப்பது அப்படித்தான். அதிகாரி கண்ணாடி இல்லாமல் கத்தினார்.

அப்புறம் போலீஸ் வந்தது. வாசல் வழியாக வர முடியவில்லை, "வழியை விடுங்க" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது, உள்ளேயிருந்து யாரோ, "அரவை வண்டி வந்தாத்தான் எடுப்போம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்கள், அதுவும் அறிக்கையில் "நிபந்தனை" என்று ஏறிவிட்டது. சன்னல் வழியாக ஏறி வந்த ஏட்டு வாக்குமூலம் எழுத உட்காரப் போனார், மண்டபம் முழுக்க ஒரே குரலில், "உட்காராதீங்க" என்றது. அவர் தடியை எடுத்துவிட்டார். சைரன்தான் அதே சன்னல் வழியாக இறங்கி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டுக்கு ஓடி, சொந்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் தொழிற்சாலை நாற்காலி, நான் பார்த்து அனுப்பியது. ஏட்டு அதில் உட்கார்ந்தார், சாய்ந்தார், காலை நீட்டினார், மூச்சு விட்டார், "நிலைமை கட்டுக்குள் உள்ளது" என்று எழுதினார்.

இரண்டு நாள் கழித்து நகராட்சி அறிவிப்புப் பலகையில் அறிக்கையின் நகலை ஒட்டினார்கள். மகள் வாசிக்க வாசிக்க நான் மனசில் பிடித்துக்கொண்டேன், எழுதுகிறேன் பார்: "மேற்படி கூட்டத்தினர் ஆவேசமுற்று இருக்கைகளைக் கவிழ்த்து, ஒலியெழுப்பி, திட்டத்தை ஏற்க இயலாதென முழக்கமிட்டு, வாயிலை அடைத்து, அதிகாரியைச் சிறைவைத்து, மூதாட்டி ஒருவர் மிரட்டல் விடுக்க, ஆண் ஒருவர் மேடையேறித் தாக்க முற்பட்ட கலவரம்." அதற்குக் கீழே, அடுத்த உத்தரவு வரும்வரை இந்த ஊருக்கு எந்தத் திட்டமும் கிடையாது என்று ஒரு வரி. அதற்கும் கீழே சாட்சிக் கையெழுத்து, ஆமாம்சாமி. இருபது இருபதாக அடுக்கச் சொன்ன அதே ஆமாம்சாமி.

அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். படிவத்தைப் பிரித்து வைத்தார். மகளைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார்.

"அத்தை, இனிமே இங்க எனக்கு ஒன்னும் கிடைக்காது. நான் போய்ப் பாக்குறேன். நீங்க இவங்க ரெண்டு பேரையும் பாத்துக்கங்க."

இத்தனை வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. நான் மகளிடம் திரும்பி, "அவரை மொதல்ல சாப்பிடச் சொல்லு" என்றேன். பேத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். தம்பி, அந்தப் பத்தொன்பது நாற்காலிக்குப் பிறகு அவர் மெஷினிலிருந்து வந்த எதற்கும் நான் கோடு போட்டதில்லை. போடுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடியும் பார்த்தேன். இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே. அப்படிப்பட்ட கை பெட்டி தூக்கப் போகக்கூடாது, அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: கலவரம் என்ற வார்த்தையை எடு. அதற்குப் பதிலாக, ஆட்கள் பழக்கத்தின் காரணமாக நாற்காலிகளைப் பரிசோதித்தார்கள் என்று எழுது. மூதாட்டி மிரட்டவில்லை, எச்சரித்தாள் என்று எழுது. தாக்கவில்லை, தாங்கினார் என்று எழுது. ஆமாம்சாமியின் சாட்சி செல்லாது, அவன் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுவான் என்று எழுது. யார் முதலில் கவிழ்த்தது என்று கேட்டால், தெரியவில்லை என்று எழுது. இந்தக் கடிதத்தையே வேண்டுமானாலும் கோப்பில் சேர்த்துக்கொள், குளியலறை பற்றிய வரிகளை மட்டும் மறைத்துக்கொள்.

உன் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், வேலையில் நிலைத்து இருக்கட்டும், அவர்கள் போகிற கேட்டில் யாரும் காகிதம் ஒட்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்துவிடாதே. உறையை ஒட்டி மகளிடம் கொடுத்தேன், அவள் கைப்பையிலேயே நாலு நாள் வைத்திருந்தாள், அவளுடைய மறதிக்கு முதல் தடவையாக நன்றி சொல்லி உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று தலைநகரிலிருந்து உங்கள் இலாகாவின் பெரிய அதிகாரி அம்மா ஒருவர் இரண்டு பேரோடு வந்தார். ஐந்து ஊரில் தொழிற்சாலை மூடியும் நாலு ஊர்க்காரர்கள் சொன்னபடி உட்கார்ந்து காளான் விதையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம், கலவரம் என்று தலைப்பு இருந்ததால் எங்கள் கோப்பு மட்டும் ஒரே வாரத்தில் மேலே போய்விட்டதாம். அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார், "பழக்கம்னு தலைப்பு போட்டிருந்தா அது இதரப் பிரிவுக்குப் போயிருக்கும், உங்க பேத்தி ரிட்டயர் ஆகும்போதுதான் திறந்திருப்போம்" என்று. ஆகவே கலவரம் கலவரமாகவே இருக்கட்டும். ஒரு எழுத்தைத் தொடாதே, வேண்டுமானால் "பெரும்" என்று முன்னால் சேர்.

நடந்ததைக் கேள். அதே மண்டபம், அதே வெள்ளை நாற்காலிகள், அந்த அம்மா நின்றுகொண்டே, "முதல்ல கவிழ்த்தது யாரு?" என்று கேட்டார். மாப்பிள்ளை எழுந்து, "நான்தாங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். இருபத்து நாலு வருஷம் நான் பார்த்த வேலை, கடைசியில் அவர் பெயரில் போவதா? எழுந்து, "அவர் பொய் சொல்றாரும்மா, அவர் அச்சுப் பிரிவு, அவருக்கு என்ன தெரியும், கவிழ்த்தது நான்" என்றேன். ஆமாம், நான்தான். மேலே நினைவில்லை என்று எழுதியது உனக்காக, நீ கோப்பில் கூசாமல் எழுத வேண்டுமே என்று. அந்த அம்மா, "எப்படிக் கவிழ்த்தீங்க, காட்டுங்க" என்றார். காட்டினேன். காலை அழுத்தினேன், தட்டினேன், கோடு போட்டேன். அவரும் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். இதே நாற்காலியைத்தான் உங்கள் இலாகா எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வாங்கி அனுப்பியிருக்கிறதாம், பிள்ளைகள் விழுந்து அடிபட்ட புகார்கள் அவர் மேசையில் கட்டுக் கட்டாக இருக்கின்றனவாம். அவற்றுக்குப் பதில் நல்ல நாற்காலி செய்ய எங்கள் தொழிற்சாலையை இலாகாவே குத்தகைக்கு எடுக்கிறது. வருகிற திங்கட்கிழமை செக்கிங் பிரிவு முதலில் உள்ளே போகிறது, பள்ளிக்கூடத்து நாற்காலிகள் எல்லாம் லாரியில் இங்கே வரும். அடுத்த மாசம் மெஷின் சூடேற்றுகிறார்கள், மாப்பிள்ளைதான் பொறுப்பு. ஓய்வு பெற்றவர்களைச் சேர்க்க விதி இல்லையாம். நான் விதியைக் கேட்கவில்லை, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கேட் திறப்பார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை அந்தப் படிவத்தை எடுத்து இன்னும் இரண்டு மடிப்பு மடித்து மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தார். இப்போது ஆடவில்லை. "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு அத்தை" என்றார். நான் மகளிடம், "நல்லா இருக்குன்னு சொல்லு" என்றேன்.

எல்லாரையும் மன்னித்துவிட்டேன். பாட்டி என்று கூப்பிட்ட அதிகாரியை மன்னித்தேன், அவர் விழாவிட்டால் கலவரத்துக்குக் களை வந்திருக்காது. ஆமாம்சாமியையும்தான், அவன் கையெழுத்து இல்லாவிட்டால் அறிக்கை செல்லாது. உன் வீட்டுக்காரியையும் மன்னித்தேன், ஒன்பது வருஷம் தண்ணீரும் வாளியும் தாங்கி அந்த நாற்காலி இன்னும் உடையவில்லை என்றால் அது எனக்குத்தான் பெருமை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். எனக்குப் பதினொரு வயசு, கூடம் நிறைய விருந்தாளிகள், புதுப் பாவாடை, தட்டில் டம்ளர்களோடு நான் உட்காரப் போனபோது பின்னாலிருந்து நாற்காலியை இழுத்த ஆள். அன்றிலிருந்து எந்த நாற்காலியையும் பார்க்காமல் நான் உட்கார்ந்ததில்லை. வேலை கேட்டுப் போன அன்று மானேஜர், "உட்காரும்மா" என்றார், நான் நாற்காலியைக் கவிழ்த்தேன், அவர் சிரித்துவிட்டு, "நாளைக்கே வந்துடு" என்றார். யோசித்துப் பார்த்தால் இந்தக் கலவரத்தை ஆரம்பித்ததே அந்த ஆள்தான். அடுத்த வருஷம் உனக்கு ஓய்வு, அக்கா வீட்டுக்கு வா. மாப்பிள்ளை அச்சிலிருந்து எடுக்கிற முதல் நாற்காலியை நானே தட்டிப் பார்த்து உனக்கென்று கூடத்து நடுவில் போட்டு வைப்பேன். அது உடையாது, அதைப் பற்றிப் பயமில்லை. உட்காருவதற்கு முன்னால் பின்னால் நிற்பது யார் என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள், ஏனென்றால் நான் மன்னிக்காத அந்த ஒரே ஆள் நீதான், தம்பி.